சிறு வேனைத் தங்கும் வண்டியாக மாற்றுதல்: தொடக்கநிலையாளருக்கான செய்முறை விளக்கம்

நானும் என் மனைவியும் மலேசியாவில், பட்டர்வொர்த்தில் வசிக்கிறோம். வார இறுதிகளில் தைப்பிங் பக்கமோ கேமரன் மலைக்கோ சென்று, வண்டியிலேயே ஓரிரு இரவுகள் தங்கித் திரும்புவதற்காகப் பழைய சிறு வேன் ஒன்றை வாங்கி நானே மாற்றியமைத்தேன். வேலை முடிய ஏறத்தாழ ஐந்து மாதங்கள் ஆயின. அவற்றில் இரண்டு மாதங்கள் ஒரே ஒரு பிழையைத் தேடுவதிலேயே கழிந்தன. அந்தப் பிழை மின் இணைப்பில் இருந்தது. ஆகவே இங்கே மரவேலையைச் சுருக்கமாகவும் மின் இணைப்பை விரிவாகவும் எழுதுகிறேன். துளையிடும் கருவியையும் மல்டிமீட்டரையும் கையாளத் தெரிந்தவர்களை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

முதற்படி: வண்டியும் பதிவும்

நம் நாட்டில் பழைய வண்டிச் சந்தையில் எளிதாகக் கிடைப்பவை நிசான் வனெட், நிசான் என்வி200, டொயோட்டா ஹையேஸ் ஆகியவை. இருவர் மட்டுமே தங்குவதென்றால் ஹையேஸ் தேவையில்லை என்பது என் கருத்து. சிறு வேன் பேரங்காடிகளின் அடித்தள நிறுத்துமிடத்தில் எளிதாக நுழையும். பினாங்குப் பாலத்தைக் கடந்து ஜார்ஜ்டவுனின் பழைய சந்துகளுக்குள் சென்றாலும் திரும்பும்.

வாங்குவதற்கு முன் வண்டியின் உரிமைப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தனியார் வாகனமாகப் பதிவு பெற்றதா, வணிக வாகனமாகப் பதிவு பெற்றதா என்பதும், எத்தனை இருக்கைகள் என்பதும் அதில் இருக்கும். வணிக வாகனத்தை ஆறு மாதங்களுக்கு ஒரு முறை பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஓய்வுக்காக வாங்கும் வண்டிக்கு அது வீண் சுமை. இருக்கைகளைக் கழற்றுவது, கூரையை வெட்டுவது, உடலமைப்பை மாற்றுவது ஆகியவற்றுக்கு ஜே.பி.ஜே.யின் (சாலைப் போக்குவரத்துத் துறையின்) அனுமதி வேண்டும். நான் தனியார் பதிவு பெற்ற சன்னல் வேனை வாங்கினேன். ஓர் இருக்கையைக்கூடக் கழற்றவில்லை. இரண்டாம் வரிசையை மடித்து, அதன் மேல் படுக்கை அமையுமாறு செய்தேன். நான் சேர்த்த பொருள்கள் அனைத்தையும் அரை மணி நேரத்தில் வெளியே எடுத்துவிடலாம். காப்புறுதி நிறுவனத்திடம் வண்டியில் என்ன சேர்த்திருக்கிறீர்கள் என்பதை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். விபத்து நேர்ந்த பின் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க இயலாது.

இரண்டாம் படி: படுக்கை

சட்டத்துக்கு 40 மில்லிமீட்டர் அலுமினியச் சட்டகக் கம்பிகளையும், மேற்பலகைக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட்டையும் பயன்படுத்தினேன். எட்டுக்கு நான்கடி கொண்ட 12 மில்லிமீட்டர்ப் பலகை ஒன்று ஏறத்தாழ 20 கிலோ எடை வரும். 18 மில்லிமீட்டர் என்றால் 30 கிலோவைத் தாண்டும். உறுதிக்காகத் தடித்த பலகையை வாங்குவதைவிட, மெல்லிய பலகைக்கு அடியில் குறுக்குக் கம்பிகளை நெருக்கமாக வைப்பது நல்லது. நம் ஊர் ஈரப்பதத்தில் பிளைவுட்டின் வெட்டு விளிம்புகள்தான் முதலில் ஊதும். ஆகவே விளிம்புகளுக்கு மூன்று முறை வார்னிஷ் பூசுங்கள்.

சில பயணங்களில் அம்மாவும் உடன் வருவார். முழங்கால் வலி உள்ளவர் அமர்ந்து எழுவதற்கு ஏற்ற உயரத்தை அவரை உட்காரவைத்தே அளந்தேன். படுக்கையை அதற்கு மேல் உயர்த்தினால் கீழே பொருள் வைக்க இடம் கிடைக்கும். ஆனால் மேலே நிமிர்ந்து உட்கார முடியாது. அட்டைப் பெட்டிகளை அடுக்கி, அதன் மேல் மெத்தையை விரித்து ஓர் இரவு படுத்துப் பார்த்த பிறகே கம்பியை வெட்டுங்கள்.

மூன்றாம் படி: வெப்பம்

குளிர்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டுச் சுவரெங்கும் கம்பளி அடைப்பதைப் பலர் செய்கிறார்கள். அங்கே உள்ளிருக்கும் சூட்டைக் காப்பது நோக்கம். நமக்கோ கூரையிலிருந்து இறங்கும் சூட்டைத் தடுப்பதும், இரவில் உள்ளே தேங்கும் சூட்டையும் ஈரத்தையும் வெளியேற்றுவதும் நோக்கம். தோட்டத்து லயத்தில் தகரக் கூரைக்கடியில் வளர்ந்தவர்களுக்கு நண்பகல் அனல் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கூரைக்கு மட்டும் நீர் உறிஞ்சாத, மூடிய துளைகளைக் கொண்ட நுரைத்தாளை ஒட்டினால் போதும். கண்ணாடிப் பஞ்சு ஈரத்தைப் பிடித்துவைத்துத் தகட்டைத் துருப்பிடிக்கச் செய்யும். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கண்ணாடி வழியே வரும் வெயிலை வெளிப்புறத்திலேயே தடுப்பது மேல். உட்புறம் மறைப்பு வைத்தால், சூட்டில் ஒரு பகுதி கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்த பிறகுதான் தடுக்கப்படுகிறது. முகாமிடும்போது கூரைக்கு மேல் ஒரு முழம் இடைவெளி விட்டுத் தார்ப்பாயைக் கட்டுங்கள். இடையில் காற்று ஓட வேண்டும். எதிரெதிர்ச் சன்னல்களுக்குக் கொசுவலைச் சட்டம் செய்து, ஒன்றில் காற்றை வெளியே தள்ளும் சிறு 12 வோல்ட் மின்விசிறியைப் பொருத்துங்கள். டிங்கி பரவும் ஊரில் கொசுவலை இல்லாமல் சன்னலைத் திறந்துவைத்து உறங்க முடியாது. கூரையை வெட்டி விசிறி பொருத்தும் எண்ணத்தை முதல் ஆண்டு தள்ளிப்போடுங்கள்.

நான்காம் படி: மின்சாரம்

முதலில் கணக்கு. 30 லிட்டர்க் கம்ப்ரசர் குளிர்பெட்டி ஓடும்போது சராசரியாக ஏறத்தாழ 50 வாட் இழுக்கும். நம் வெப்பத்தில் நாளின் 40 விழுக்காட்டு நேரம் ஓடுவதாக வைத்துக்கொண்டால், ஒரு நாளுக்கு 480 வாட்-மணி. விசிறி 15 வாட்டில் எட்டு மணி நேரம் ஓடினால் 120. விளக்குக்கும் கைப்பேசிக்கும் சேர்த்து 80. மொத்தம் 680 வாட்-மணி. 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 1,280 வாட்-மணி இருக்கும்; ஓர் இரவும் மறுநாளும் நிம்மதியாகக் கழியும். அதே அளவு ஈய அமில பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம். அதற்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் விரைவில் குறையும்.

நான் முதலில் வாங்கியது ஈய அமில பேட்டரிதான். கேமரன் மலையில் முதல் இரவு, விடியற்காலை மூன்று மணிக்குக் குளிர்பெட்டி நின்றுபோய்ப் பிழை விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. பேட்டரி கெட்டுவிட்டது என்று முடிவு செய்து புதியதை வாங்கிப் பொருத்தினேன். அடுத்த பயணத்திலும் அதே நேரத்துக்கு நின்றது. பக்கத்து ஊரான பிறையில் வண்டி ஒயரிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பேட்டரியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, பெட்டி ஓடிக்கிட்டு இருக்கும்போது ரெண்டு முனையிலயும் அளந்து பாத்தீங்களா?" என்று கேட்டார். நான் அதுவரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டே அளந்திருந்தேன்.

குளிர்பெட்டி ஓடும்போது பேட்டரி முனையில் 12.0 வோல்ட் இருந்தது. குளிர்பெட்டியின் முனையில் 11.0 வோல்ட்தான் வந்தது. வண்டியின் பேட்டரியைக் காப்பதற்காக இத்தகைய குளிர்பெட்டிகளில் தாழ் மின்னழுத்தத் தடுப்பு உண்டு. என் பெட்டியில் அது உயர்நிலையில், அதாவது 11.1 வோல்ட்டில் வைக்கப்பட்டிருந்தது. பேட்டரியில் பாதி மின்சாரம் மிச்சமிருந்தும், அது தீர்ந்துவிட்டதாக எண்ணிப் பெட்டி தன்னை நிறுத்திக்கொண்டது.

அந்த ஒரு வோல்ட் எங்கே போயிற்று? நான் "4 மில்லிமீட்டர்" என்று அச்சிட்ட ஒயரை வாங்கியிருந்தேன். அதை 4 சதுர மில்லிமீட்டர்ச் செம்பு என்று எண்ணிக்கொண்டேன். வாகன ஒயர்கள் சிலவற்றில் அந்த எண் பிளாஸ்டிக் உறையையும் சேர்த்த வெளிவிட்டத்தைக் குறிக்கிறது. உள்ளே இருந்த செம்பு ஏறத்தாழ 1.8 சதுர மில்லிமீட்டர்தான். மேலும் ஒயரைத் தூண் வழியே ஏற்றிக் கூரையோரமாகக் கொண்டுபோனதால் ஒரு வழி நீளம் ஆறு மீட்டர் ஆகியிருந்தது. மின்சாரம் போகவும் வரவும் வேண்டும் என்பதால் பன்னிரண்டு மீட்டரைக் கணக்கிட வேண்டும். செம்புக்கு 0.0175ஐ நீளத்தால் பெருக்கிச் சதுர மில்லிமீட்டரால் வகுத்தால் தடை கிடைக்கும்: 12 × 0.0175 ÷ 1.8, ஏறத்தாழ 0.117 ஓம். பெட்டி சராசரியைவிடக் கூடுதலாக இழுத்து ஆறு ஆம்பியர் ஓடும்போது 0.7 வோல்ட் ஒயரிலேயே வீணாகிறது. எஞ்சிய 0.3 வோல்ட்டைச் சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் தளர்ந்த தொடுமுனை தின்றுகொண்டிருந்தது.

திருத்தம் எளிது. உண்மையான 6 சதுர மில்லிமீட்டர் ஒயரைத் தரைவழியே நான்கு மீட்டரில் கொண்டுபோனேன். 8 × 0.0175 ÷ 6 என்பது 0.023 ஓம், ஆறு ஆம்பியருக்கு இழப்பு 0.14 வோல்ட் மட்டுமே. சிகரெட் லைட்டர் சாக்கெட்டை அகற்றிவிட்டு, இறுகப் பொருந்தும் ஆண்டர்சன் வகை இணைப்பைப் பொருத்தினேன். ஒயர் வாங்கும்போது கடையிலேயே நுனியைச் சற்றுச் சுரண்டிப் பாருங்கள். செம்பு நிறம் போய் வெள்ளி நிறம் தெரிந்தால், அது செம்பு பூசிய அலுமினியம். அதன் தடை செம்பைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

ஃபியூஸ் பற்றிப் புதியவர்களுக்குத் தவறான எண்ணம் உண்டு. ஃபியூஸ் கருவியைக் காப்பதைவிட ஒயரைக் காப்பதற்கே வைக்கப்படுகிறது. ஆகவே அது பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால், இடையில் உள்ள ஒயர் உராய்ந்து தகட்டைத் தொடும் நாளில் அது உதவாது, ஒயர் தீப்பிடிக்கும். குளிர்பெட்டி ஒயருக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் போட்டிருக்கிறேன்.

முனைகளை ஈயம் வைத்துப் பற்றவைப்பதைவிட, ராச்செட் பொறி உள்ள கிரிம்ப் கருவியால் நெரிப்பதையே நான் விரும்புகிறேன். பற்றவைத்த ஒயர் ஈயம் முடியும் இடத்தில் விறைத்துவிடும். வண்டியின் அதிர்வில் அங்கேயே முறியும். முழு அழுத்தம் கொடுக்கும் வரை பிடியை விடாத கருவிக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவழியுங்கள்.

பிறகு லித்தியம் பேட்டரிக்கு மாறினேன். அதை ஆல்டர்னேட்டருடன் (என்ஜின் சுழற்றும் மின்னாக்கியுடன்) நேரடியாக இணைக்காதீர்கள். லித்தியம் கிடைக்கும் மின்னோட்டத்தை எல்லாம் இழுத்துக்கொள்ளும்; மெதுவாக ஓடும் என்ஜினில் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கெடும். இடையில் மின்னோட்டத்தை அளவோடு விடும் 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வையுங்கள்; இரண்டு மணி நேரப் பயணத்தில் ஏறத்தாழ 500 வாட்-மணி திரும்பும். 45 டிகிரிக்கு மேல் இத்தகைய பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது. ஆகவே வெயில் படும் பக்கச் சுவரை ஒட்டி வைக்காமல், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தரையோடு கட்டிவையுங்கள். இதன் வோல்ட் அளவு கடைசி வரை பெரிதாக இறங்காது என்பதால் வோல்ட் மீட்டர் மிச்சத்தைச் சொல்லாது. பேட்டரிக்குள் போகும், வரும் மின்னோட்டத்தைக் கணக்கிடும் ஷண்ட் வைத்த மீட்டர் வேண்டும்.

எல்லாம் ஒன்றாக அடங்கிய கையடக்க மின்பெட்டியை வாங்கலாமே என்றால், ஓர் இரவுக்கு அது போதும். நான் தனித்தனிப் பாகங்களையே தேர்ந்தெடுக்கிறேன். ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றலாம்.

ஐந்தாம் படி: சமையலும் உறக்கமும்

சமையலை வண்டிக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தாலும் தார்ப்பாயின் கீழ், காற்று ஓடும் இடத்தில் சமையுங்கள். பியூட்டேன் குப்பிகளை வெயிலில் மூடிக் கிடக்கும் வண்டியில் விட்டுவைக்காதீர்கள். வீடு திரும்பியதும் இறக்கிவிடுங்கள். குளிரூட்டிக்காக என்ஜினை ஓடவிட்டு உறங்குவது கூடவே கூடாது. புகைக்குழாயில் சிறு கசிவு இருந்தாலும் மணமற்ற கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், உறங்குபவருக்குத் தெரியாது. பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைத் தலைமாட்டில் வையுங்கள்.

பின்சேர்க்கை

இவ்விளக்கத்தைப் படித்து வேலை செய்த வாசகர் ஒருவர், தடித்த ஒயர் போட்டும் வோல்ட் இறங்குவதாக எழுதினார். அவர் எதிர்முனையை ஒயராகக் கொண்டுவராமல், குளிர்பெட்டிக்கு அருகே வண்டித் தகட்டில் ஓர் ஆணியில் முடுக்கியிருந்தார்; அடியில் வண்ணப்பூச்சு அப்படியே இருந்தது. எதிர்முனைக்கும் அதே தடிமன் ஒயரைப் பேட்டரி வரை போடுங்கள் என்று நான் எழுதியிருக்க வேண்டும்.

இன்னொருவருக்கு இரவில் நன்றாக ஓடிய பெட்டி பிற்பகலில் மட்டும் நின்றது. இரு முனைகளிலும் வோல்ட் சரியாகவே இருந்தது. படம் அனுப்பச் சொன்னேன். பெட்டியின் காற்றுத் துளைகள் இருந்த பக்கம் மடித்த போர்வைகளோடு ஒட்டி நின்றது; கம்ப்ரசர் சூடேறித் தன்னை நிறுத்திக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஒரு கை அகலம் இடம் விட்டு, போர்வை மீண்டும் சரியாதபடி சிறு கம்பித் தடுப்பு வைத்த பிறகு பிற்பகலிலும் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறார்.