கோட்டைக்குக் குழந்தைகளின் கோரிக்கையைக் கொண்டுசெல்வது எப்படி?

குழந்தைகளுக்காக அரசிடம் ஒன்றைக் கேட்கப் புறப்படுபவர், மாற வேண்டியது சட்டமா, அதன்கீழ் வகுக்கப்பட்ட விதியா, அரசாணையா என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். தனியார் பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்துவது 2009ஆம் ஆண்டுச் சட்டம். அதைத் திருத்தச் சட்டமன்றம்தான் முன்வர வேண்டும். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமோ அரசாணையின் வழியே நடப்பது. அதை விரிவாக்க அரசின் முடிவும் நிதி ஒதுக்கீடும் போதும். இந்த வேறுபாடு தெரியாமல் எழுதப்படும் மனு, மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டே இருக்கும்.

அடுத்தது, கோரிக்கையின் வாசகம். என் பார்வையில் பாதி வேலை இதில்தான் இருக்கிறது. சென்னையின் கூவக் கரையிலிருந்து பெரும்பாக்கம், கண்ணகி நகர் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளுக்குக் கல்வியாண்டின் நடுவில் மாற்றப்படும் குடும்பத்தின் பிள்ளை, பழைய பள்ளிக்குப் போய்வர முடியாமலும் புதிய பள்ளியில் ஒட்ட முடியாமலும் படிப்பை விட்டுவிடும் நிலை வருகிறது. இதை முன்வைத்து, 'குழந்தைகளின் கல்வி பாதிக்கப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று எழுதினால், படிக்கும் அதிகாரிக்குச் செய்வதற்கு எதுவும் இல்லை. 'பள்ளி திறக்கும் நாள் முதல் ஆண்டுத் தேர்வு முடியும்வரை, மறுகுடியமர்வுக்காக எந்தக் குடியிருப்பையும் அகற்றக் கூடாது' என்று எழுதினால், அந்த வரியை அப்படியே ஆணையில் சேர்க்கலாம். கோரிக்கை ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

சான்றுக்குத் தகவல் பெறும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம் செலுத்தி, உங்கள் பகுதியில் எத்தனை அங்கன்வாடிகள் அனுமதிக்கப்பட்டன, எத்தனை இயங்குகின்றன என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். குழந்தைகளின் அனுபவத்தைச் சொல்லும்போது பெயர், பள்ளி, தெரு எதையும் வெளியிடாதீர்கள். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைப் போக்சோ சட்டமே தடை செய்கிறது. ஒரு குழந்தையின் துயரத்தைக் காட்டித்தான் நியாயம் பெற வேண்டும் என்றால், அந்த நியாயத்தை வேறு வழியில் தேடுவோம்.

காலம் தவறினால் உழைப்பெல்லாம் வீண். நிதிநிலை அறிக்கைக்குப் பின், ஒவ்வொரு துறையின் செலவுக்கும் சட்டமன்றத்தின் ஒப்புதலைக் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதம் துறைவாரியாக நடக்கும். அமைச்சர்களின் புதிய அறிவிப்புகள் பெரும்பாலும் அப்போதுதான் வெளிவரும். ஆகவே சில வாரங்களுக்கு முன்பே உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரைச் சந்தித்து, அவர் அவையில் எழுப்பக்கூடிய கேள்வியையும் எழுதிக் கொடுங்கள். எதிர்க்கட்சி உறுப்பினர்களையும் சந்தியுங்கள். அவையின் மனுக்கள் குழுவுக்கும் எழுதலாம்.

மேலவை 1986இல் கலைக்கப்பட்டுவிட்டதால், ஒரு மசோதாவை மற்றோர் அவை நிதானமாக ஆராயும் வாய்ப்பு தமிழ்நாட்டில் இல்லை. எனினும், நிறைவேறிய பிறகு எதுவும் செய்ய முடியாது என்று எண்ண வேண்டியதில்லை. பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிட்ட தொழிற்சாலைகள் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்க்கவே, மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டு, மே 1 அன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. தாயும் தந்தையும் எத்தனை மணிக்கு வீடு திரும்புவார்கள் என்பதைத் தீர்மானிக்கும் தொழிலாளர் சட்டங்களையும் குழந்தைகளின் சட்டங்களாகவே கருதிக் கவனித்து வாருங்கள்.

மனு கொடுத்த இடத்தில் தேதியும் எண்ணும் கொண்ட ஒப்புகைச் சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள். அடுத்த முறை போகும்போது பேச்சை அந்த எண்ணிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.