ஊர் வாட்ஸ்அப் குழுவை வைத்து ஊருணியை மீட்பது எப்படி

ராமநாதபுரம் கடற்கரையில் கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம் என்று எந்த ஊரை எடுத்தாலும் ஊர்ப் பெயரில் நாலு வாட்ஸ்அப் குழுவாவது இருக்கும். பாதி ஆட்கள் வளைகுடாவிலும் மலேசியாவிலும், மீதி ஊரில். ரத்தம் வேண்டும் என்று போட்டால் அரை மணியில் ஆள் வந்து நிற்கிறது. அதே குழுவில் ஊரின் மழைநீர்க் குளத்தைப் பற்றி "ஊருணி நாறுகிறது" என்று போட்டால் வாய்ஸ் மெசேஜ்தான் குவிகிறது, மண்வெட்டி ஒன்றுகூட வருவதில்லை. ரத்தம் கேட்கிறவர் எந்த குரூப், எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணிக்குள் என்று சொல்லிக் கேட்கிறார். ஊருணிக்கும் அப்படி அளந்து கேட்டால் ஆள் வரும்.

பூட்டிக் கிடக்கும் வீடுகள், ஆளில்லாத கடைத்தெரு, பிள்ளைகள் குறைந்துபோன பள்ளிக்கூடம் என்று ஊருக்கு ஆயிரம் குறை இருக்கலாம். இருந்தாலும் முதல் வேலையாக ஊருணியை எடுங்கள். ஒரே பருவத்தில் முடியும், முடிந்தது படத்திலேயே தெரியும். குடும்பத்தோடு ஊர் திரும்ப நினைப்பவர் முதலில் கேட்பதும் தண்ணீரைத்தான்.

முதலில் குழுவைப் பிரியுங்கள். ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம், ஆனால் ஆயிரம் பேரை வைத்து வேலை நடக்காது. பெரிய குழுவில் அட்மின் மட்டும் பதிவிடும்படி மாற்றிவிட்டு, 12 பேரில் தனியாக வேலைக் குழு ஒன்று தொடங்குங்கள். அதில் எட்டுப் பேராவது ஊரிலேயே இருப்பவர்கள். வெளிநாட்டில் இருக்கும் சபுராளிகள் கணக்குப் பார்க்கலாம், படம் கேட்கலாம், பணம் தரலாம். எந்தக் கரையை வெட்டுவது என்று ஷார்ஜாவிலிருந்து சொல்லக் கூடாது. இந்த ஒன்றை முதல் நாளே பேசி முடிக்காத குழுக்கள் பாதியில் உடைகின்றன.

அடுத்தது காகிதம். ஜனவரியிலேயே தொடங்குங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டில் (ஊரின் நில விவரப் பதிவேடு) ஊருணியின் சர்வே எண்ணையும் பரப்பையும் பார்த்து, புல வரைபடமும் வாங்குங்கள். இடம் ஊராட்சியுடையதா, நகராட்சியுடையதா, கோயில் அல்லது ஜமாஅத்துடையதா என்பது அதில் தெரியும். ஊராட்சி என்றால் ஜனவரி 26 அல்லது மார்ச் 22 கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். பேரூர், நகரம் என்றால் மன்றத் தீர்மானம். வெட்டும் வண்டல் வெளியே போவதற்குத் தாசில்தார் அனுமதி தனியாக வேண்டும். அது இல்லாமல் டிப்பர் ரோட்டில் ஏறினால் வண்டி பிடிபடும், பழி குழுவின் மேல் விழும். மனுவுக்குப் பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஆக்கிரமிப்பு இருந்தால் ஆள் பெயரையோ வீட்டுப் படத்தையோ குழுவில் போடாதீர்கள். சர்வே எண்ணோடு அலுவலகத்தில் மனுக் கொடுப்பதோடு நிறுத்துங்கள். குழுவில் பெயர் வந்த நிமிடமே ஊருணிப் பேச்சு போய்க் குடும்பச் சண்டை வந்துவிடும்.

வேலைக்கு ஏற்ற காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், ஊருணியும் வற்றியிருக்கும். தடைக்காலம் என்றால் மீனவர்கள் சும்மா இருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம், படகு மராமத்தும் வலை வேலையும் அப்போதுதான். வாரத்துக்கு இரண்டு காலை கேளுங்கள், கூலியும் கொடுங்கள்.

இனி மண் கணக்கு. ஊருணி 40 மீட்டருக்கு 40 மீட்டர், ஒரு மீட்டர் வண்டல் எடுக்க வேண்டும் என்று வையுங்கள். 1,600 கன மீட்டர், அதாவது சுமார் 565 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). தோண்டிய மண் உப்பிக் கால் பங்கு கூடும். மூன்று யூனிட் டிப்பருக்கு ஏறக்குறைய 235 நடை. ஜேசிபிக்கு மணிக் கணக்கில் பேசினால் யாரும் சரிபார்க்க முடியாது. நடைக் கணக்கில் பேசுங்கள். வாசலில் ஒரு பையன் நோட்டுடன் உட்கார்ந்து வண்டி எண்ணையும் நேரத்தையும் எழுதட்டும். இரவு எட்டு மணிக்கு அந்தப் பக்கத்தின் படம், அன்றைய நடை, அன்றைய செலவு, ஒரே கல்லின் மேல் நின்று எடுத்த ஊருணிப் படம் ஆகியவை பெரிய குழுவுக்குப் போக வேண்டும். இந்த ஒரு பதிவு ஒழுங்காக வந்தால் நன்கொடை கேட்டுக் கெஞ்ச வேண்டியிருக்காது.

ஆழத்தில்தான் பலர் கெடுக்கிறார்கள். பணம் மிஞ்சியது என்று இன்னும் நாலடி தோண்டுவார்கள். நம் கரையில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிசாக மிதக்கிறது. ஊருணியின் அடியில் இருக்கும் களிதான் மழைநீரைத் தாங்குவது. களியைக் கிழித்து மணலுக்குப் போனால் ஒன்று தண்ணீர் கீழே இறங்கிவிடும், இல்லையென்றால் உப்பு மேலே ஏறும். ஆகவே நடுவில் மண்வெட்டியால் மூன்றடிச் சோதனைக் குழி போட்டுப் பாருங்கள். மணல் தட்டினால் அதற்கு ஓரடி மேலேயே நிறுத்துங்கள். ஊறும் நீரையும் பக்கத்துக் கிணற்றையும், கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் அளந்து குறியுங்கள். 2,000-க்கு மேல் காட்டினால் குடிக்க ஆகாது. தெரியாமல் களி கிழிந்துவிட்டால் களிமண் கொண்டுவந்து ஓரடி பரப்பி, நனைத்துத் திமிசுக்கட்டையால் கெட்டிக்க வேண்டும்.

சீமைக் கருவேலத்தை வெட்டினால் போதாது, மழைக்கு முன்பே துளிர்க்கும். வேரோடு பிடுங்கி, கரையில் விழுந்த குழிகளில் மண் போட்டு இடியுங்கள். அந்தக் குழி வழியாகத்தான் கரை கசிந்து உடையும். மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் கலிங்கின் மட்டம் கரைக்கு இரண்டடியாவது கீழே இருக்கட்டும்.

மழைநீரை ஊருணிக்குக் கொண்டுவரும் வரத்துக்காலை மறந்தால் இத்தனையும் வீண். பத்து ஏக்கர் நிலத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது 40 லட்சம் லிட்டர், அதில் கால்வாசி ஓடி வந்தாலும் பத்து லட்சம். மேலே சொன்ன ஊருணி ஒரு மீட்டருக்குப் பிடிப்பது 16 லட்சம். இரண்டு மழையில் நிறைய வேண்டிய ஊருணி காய்ந்து கிடந்தால் நடுவில் யாரோ சிமென்ட் ரோடு போட்டுக் குழாய் வைக்காமல் விட்டிருப்பார்கள். பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கை வரத்துக்காலுக்கு ஒதுக்குங்கள். மழை பெய்யும்போது குடையோடு நடந்து, தண்ணீர் எங்கே திரும்புகிறது என்று போனில் வீடியோ எடுத்து வைத்தால், எந்த இடத்தில் குழாய் போடுவது என்ற வாக்குவாதம் அதோடு முடியும்.

பணத்தில் எச்சரிக்கை அதிகம் தேவை. தனியாள் ஜிபே எண்ணில் வசூலிக்காதீர்கள். ஏழு பேர் சேர்ந்தால் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சங்கம் பதியலாம். மூவரில் இருவர் கையெழுத்திடும் கணக்குத் தொடங்குங்கள். இந்தியக் குடியுரிமையோடு வளைகுடாவில் இருப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகல் வாங்கி வையுங்கள். மலேசிய, சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்தவர் தந்தால் அது வெளிநாட்டு நன்கொடைதான், உள்துறை அமைச்சகப் பதிவு இல்லாமல் வாங்கக் கூடாது. அமீரகத்தில் அனுமதியின்றி நன்கொடை வசூலிப்பது குற்றம், சமூக ஊடகத்தில் கேட்பதும் அதில் சேரும். அங்கிருப்பவர் யாரும் வசூல் பொறுப்பு எடுக்கவோ வேண்டுகோளை ஃபார்வேர்டு செய்யவோ வேண்டாம். தமிழக அரசின் நமக்கு நாமே திட்டத்தில் பொதுமக்கள் பங்கு கட்டினால் மீதியை அரசு தரும். பொதுவாக மூன்றில் ஒரு பாகம், வேலைக்கு வேலை மாறும் என்பதால் கட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைத்தெரு அடுத்த வருடத்து வேலை. ராமேஸ்வரம் போகும் வண்டிகள் நம் ஊரில் நிற்க, கருவாடு, குண்டு மிளகாய், கருப்பட்டி, பனையோலைப் பெட்டி எங்கே கிடைக்கும் என்று கூகுள் மேப்பில் கடைகளைச் சரியான நேரத்தோடு ஏற்றுவது போதும். 2023-இல் இந்தக் குண்டு மிளகாய்க்கு, அதாவது முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தும், வெளியூர்க்காரர் கேட்டால் கையைக் காட்டக் கடை தெரியாத நிலைதான்.

அக்டோபரில் முதல் மழைத் தண்ணீரை உள்ளே விடாதீர்கள். தெருக்குப்பை, எண்ணெய், பிளாஸ்டிக் எல்லாம் அதில்தான் வரும். வரத்துக்கால் வாயில் பத்து மணல் மூட்டை அடுக்கி அந்தத் தண்ணீரை வெளியே திருப்பிவிட்டு, அடுத்த மழைக்குத் திறவுங்கள். மழை பெரும்பாலும் நடு இரவில் பிடிக்கும். மூட்டையை எடுக்கப் போகிற இரண்டு பேரின் பெயரை, பக்கத்து வீட்டுக்காரர்களாகப் பார்த்து, செப்டம்பரிலேயே வேலைக் குழுவில் பின் செய்து வையுங்கள்.