நீர்மின் நிலையச் சுற்றாடலில் நீரையும் காற்றையும் அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலைநாட்டின் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களில் தேங்கும் நீர், விமலசுரேந்திர, கெனியன், லக்ஷபான, பொல்பிட்டிய என்று அடுத்தடுத்து அமைந்த மின் நிலையங்களின் சுழலிகளைச் சுற்றிவிட்டுத்தான் களனி கங்கையாகக் கீழிறங்குகிறது. நிலக்கரி எரிக்கும் நுரைச்சோலை மின் நிலையத்தைப் போலன்றி, புகைபோக்கியே இல்லாத இந்நிலையங்களில் கண்காணிக்க என்ன இருக்கிறது என்று கேட்பதே முதல் தவறு. ஓடிய ஆறு ஆழ்ந்த நீர்த்தேக்கமாகும்போது மேல்நீர் வெதுவெதுப்பாகவும் அடிநீர் குளிர்ந்தும் பிரிந்து நிற்கலாம். அவ்வாறு பிரிந்தால் அடியில் ஒட்சிசன் குறையும், சேற்றிலிருந்து இரும்பும் மங்கனீசும் கரையும். நீரை எடுக்கும் வாய் ஆழத்தில் இருந்தால் சுழலிக்குப் போவதும் அந்த நீரே.

அடுத்த தவறு இடம் சார்ந்தது. அணைக்கு மேலே ஒரு போத்தல், அணைக்குக் கீழே ஒரு போத்தல் என்று எடுத்து ஒப்பிடுவது பரவலான வழக்கம். மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தில் அது பொருந்தாது. தலவாக்கலையில் அணையால் மறிக்கப்படும் நீர் ஏறத்தாழ 13 கிலோமீற்றர் சுரங்கத்தில் சென்று, நியங்கந்தொரவிலுள்ள மின் நிலையத்தைக் கடந்த பின்பே ஆற்றில் மீண்டும் சேர்கிறது. இடைப்பட்ட ஆற்றில் ஓடுவது அணையிலிருந்து விடுவிக்கப்படும் சிறு பங்கும், பக்கத்து ஓடைகளும், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களின் கழிவு நீருமே. எனவே நீர்த்தேக்கத்துக்கு மேலே, அணைக்கும் நிலையத்துக்கும் இடையே, நிலையத்தின் வெளியேற்று வாய்க்குக் கீழே என மூன்று இடங்களாவது தேவை. மேலே எடுக்கும் மாதிரியை விட்டுவிட்டால், நுவரெலியாவின் மரக்கறித் தோட்டங்களிலிருந்து மழையோடு நானு ஓயாவில் இறங்கி வரும் உரத்தின் பழியும் மின் நிலையத்தின் மேல் விழும். அது நியாயமுமன்று, மாசைக் குறைக்க உதவுவதுமன்று.

நேரத்தைக் கவனியாமல் விடுவதைத்தான் எல்லாவற்றிலும் பெரிய தவறென்பேன். அலுவலக நேரத்துக்கு ஏற்பக் காலை பத்து மணிக்கு மாதிரி எடுக்கிறார்கள். ஆனால் நாட்டின் மின்தேவை உச்சத்தை எட்டுவது மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. நிலையம் ஓய்ந்திருக்கும்போது எடுத்த போத்தல், அது முழு வலுவில் இயங்கும்போது வெளியேறும் நீரைப் பற்றி எதையும் சொல்லாது. எந்த இயந்திரம் எத்தனை மணிக்கு இயங்கியது என்ற பதிவைக் கேட்டுப் பெற்று, மாதிரியின் நேரத்தோடு சேர்த்து எழுதிவைக்க வேண்டும். சுழலி இயங்கும் வேளையில் வெளியேற்று வாய்க்கு அருகே ஆற்றில் இறங்கக் கூடாது. நீர்மட்டம் சில நிமிடங்களிலேயே உயர்ந்துவிடும்.

கரைந்த ஒட்சிசனைப் போத்தலில் அடைத்துப் பேராதனைக்கோ கொழும்புக்கோ பஸ்ஸில் அனுப்பிப் பயனில்லை. அங்கேயே கருவியால் அளக்க வேண்டும், அல்லது அங்கேயே இரசாயனமிட்டு நிலைப்படுத்த வேண்டும். மலைநாட்டுக்கே உரிய சிக்கலொன்றும் உண்டு. 20 பாகை செல்சியசில் கடல்மட்டத்து நீர் லீற்றருக்கு ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ளும். ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரமுள்ள தலவாக்கலையில் வளியமுக்கம் குறைவாதலால் அதே வெப்பநிலையில் 7.9 அளவே கொள்ளும். அங்கே 7.5 என்று வந்தால் ஆறு நலமாகவே இருக்கிறது. கொழும்பு அட்டவணையை வைத்துப் பார்ப்பவரோ குறைபாடு என்று அறிக்கை எழுதிவிடுவார். நைத்திரேற்றிலும் இப்படியொரு பொறி உண்டு: குடிநீருக்கான எல்லை நைத்திரேற்றாக லீற்றருக்கு 50 மில்லிகிராம், நைதரசனாகக் கணக்கிட்டால் 11.3. அறிக்கை எந்தக் கணக்கில் எழுதப்பட்டது என்று பாராமல் ஒப்பிட்டால் நான்கு மடங்குக்கு மேல் பிழை நேரும். மலக் கிருமிச் சோதனைக்கான மாதிரியைப் பனிக்கட்டிப் பெட்டியில், இயன்றால் ஆறு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் சேர்க்க வேண்டும்.

நீரின்மேல் வானவில் நிறப் படலத்தைக் கண்டதும் சுழலி எண்ணெய் கசிகிறது என்று புகைப்படம் எடுத்துப் பரப்புவோர், முதலில் ஒரு குச்சியால் அதைக் கலைத்துப் பார்க்கட்டும். கண்ணாடிச் சில்லுகளைப் போல உடைந்து அப்படியே மிதந்தால், அது பெரும்பாலும் இரும்புச் சத்துள்ள ஊற்று நீரில் பற்றீரியாக்கள் உண்டாக்கும் படலம். உடைந்த இடம் மறுபடி கூடிக்கொண்டால் எண்ணெயாக இருக்கலாம். அப்போது மாதிரி எடுக்கலாம், முறையிடலாம்.

காற்றை அளப்பதில் மூடுபனியே முதல் எதிரி. மலிவான ஒளிச்சிதறல் உணரிகள் ஈரத்தால் பருத்த துகளையும் பனித்துளியையும் மாசாகவே எண்ணுகின்றன. ஈரப்பதத்தை உடன் பதியாத அளவீட்டை, குறிப்பாக விடியற்காலையில், நம்ப முடியாது. அதே வேளையில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் தேங்கி, லயத்து விறகடுப்புகளின் புகையையும் தேயிலைத் தொழிற்சாலை அடுப்பின் புகையையும் உண்மையாகவே பிடித்து வைத்திருப்பதால், எது பனி எது புகை என்று பிரித்தறிய வேண்டியிருக்கிறது. உணரியைச் சமையலறைக் கூரையோரத்திலோ, நிலையத்தின் டீசல் மின்பிறப்பாக்கிக்குப் பக்கத்திலோ பொருத்தக் கூடாது. ஐந்து நிமிட அளவீட்டை 2008ஆம் ஆண்டு வர்த்தமானியிலுள்ள 24 மணித்தியால எல்லையோடு, அதாவது பி.எம். 2.5 எனப்படும் மிக நுண்ணிய துகள்களுக்குக் கன மீற்றருக்கு 50 மைக்ரோகிராமோடு, ஒப்பிடுவதும் செல்லாது; முழு நாளின் சராசரியையே அதனுடன் ஒப்பிட வேண்டும்.