செகண்ட் ஹேண்ட் போன், லேப்டாப்: கீறலுக்கு முன் பூட்டைப் பாருங்கள்

ஆன்லைனில் பழைய போன் விற்பவர்கள், புதுச்சேரியில் வரி குறைவு, அதனால் விலையும் குறைவு என்ற அர்த்தத்தில் 'பாண்டி ரேட்' என்று இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்த பிறகு கடலூரில் வாங்கினாலும் புதுச்சேரியில் வாங்கினாலும் போனுக்கு வரி ஒன்றுதான். 2020 ஏப்ரலிலிருந்து 18 சதவீதம். ஆகவே ஒரு போன் பாதி விலைக்கு வருகிறது என்றால் அதற்கு ஊர் காரணமில்லை. திருட்டுப் போனாக இருக்கலாம், தவணை பாக்கி இருக்கலாம், தண்ணீர் குடித்ததாக இருக்கலாம். சில நேரம் போனே இருக்காது.

போனே இல்லாத ஆள்களைக் கண்டுபிடிப்பது சுலபம். ராணுவத்தில் வேலை, திடீரென்று டிரான்ஸ்ஃபர், கூரியரில் அனுப்புகிறேன், முதலில் டோக்கன் மட்டும் போடுங்கள் என்பார்கள். கேட்காமலே அடையாள அட்டைப் படமும் வந்து விழும். நேரில் பார்க்காத பொருளுக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் வேண்டாம். போட்ட டோக்கனைத் திருப்பித் தருகிறேன் என்று கியூஆர் அனுப்பினால் ஸ்கேன் செய்யாதீர்கள். நமக்குப் பணம் வருவதற்கு ஸ்கேனும் வேண்டாம், யுபிஐ பின் நம்பரும் வேண்டாம்.

கிளம்புவதற்கு முன் விற்பவரிடம் ஒரு வீடியோ கேளுங்கள்: அன்றைய தேதி எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்து, போனில் *#06# அழுத்த வேண்டும். திரையில் ஐஎம்இஐ எண், அதாவது அந்தப் போனின் அடையாள எண், வரும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண். உங்கள் போனிலிருந்து ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு அந்த 15 இலக்க எண்ணைத் தட்டி 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். பதிலில் பிளாக்லிஸ்ட், டூப்ளிகேட், ஏற்கெனவே உபயோகத்தில் உள்ளது என்று எது வந்தாலும் அந்தப் போனை விட்டுவிடுங்கள். ஒன்றுமில்லை என்று வந்தாலும் முழுசாக நம்பிவிட முடியாது. பறிகொடுத்தவர் இன்னும் புகார் கொடுக்காமல் இருந்தால் நேற்றுத் திருடிய போனும் சுத்தமாகத்தான் காட்டும். அதனால்தான் பில் வேண்டும், பில்லில் உள்ள ஐஎம்இஐ திரையில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும்.

“பில் வீட்ல இருக்குண்ணே, அப்புறம் வாட்ஸ்அப்ல போட்டு விடறேன்.”

“சரி தம்பி, பில்லு வந்ததும் பணமும் வந்துடும்.”

இதற்கு மேல் அங்கே பேச வேண்டியதில்லை.

பகலில், சர்வீஸ் கடைகள் இருக்கும் கடைவீதியில் சந்தியுங்கள். ஈசிஆர் ஓரமாக பைக்கை ஆஃப் செய்யாமலே போனை நீட்டுபவரிடம் வாங்காதீர்கள். கையில் இருக்க வேண்டியவை: உங்கள் சிம், சிம் ட்ரே பின், சார்ஜர், பவர் பேங்க், சின்ன டார்ச்.

நேரில் போனதும் எல்லாரும் முதலில் கீறலைத்தான் தேடுகிறார்கள். உடைந்த டிஸ்பிளேவை மாற்றிவிடலாம், பூட்டிய போனை ஒன்றும் செய்ய முடியாது. 'ரீசெட் பண்ணியே கொண்டு வந்துட்டேன்' என்று சொன்னால் அங்கேயே உங்கள் ஹாட்ஸ்பாட்டில் சேர்த்து ஹோம் ஸ்கிரீன் வரும்வரை செட்டப்பை ஓட்டுங்கள். இடையில் பழைய கூகுள் கணக்கைக் கேட்டால், அல்லது ஐபோனில் வேறொருவரின் ஆப்பிள் ஐடியைக் கேட்டால், போன் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ரெகவரி மோடில் போய் அழித்தாலும் இந்தப் பூட்டு போகாது. ஒழுங்கான முறை இது: விற்பவர் உங்கள் கண்முன்னே செட்டிங்ஸில் கணக்கிலிருந்து வெளியேற வேண்டும், ஐபோனில் ஃபைண்ட் மை-யை அணைக்க வேண்டும், அதன் பிறகுதான் ரீசெட்.

தவணைப் பூட்டு இன்னும் நயவஞ்சகமானது. தவணையில் வாங்கிய போனில் கடன் கொடுத்த நிறுவனம் ஒரு லாக்கைப் போட்டு வைத்திருக்கலாம். தவணை ஒழுங்காகப் போகும்வரை அது வெளியே தெரியாது. விற்றவர் அடுத்த மாதம் கட்டாமல் விட்டால் உங்கள் கையில் இருக்கும்போது பூட்டிக்கொள்ளும். ரீசெட் செய்வதற்கு முன்பே செட்டிங்ஸில் டிவைஸ் அட்மின் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து ஃபைனான்ஸ் ஆப் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பில்லில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் கடன் முடிந்ததற்கான என்ஓசி கேளுங்கள். 'ஒரு மாசம்தான் பாக்கி' என்றால் அந்த ஒரு மாசத்தைக் கட்டிவிட்டு வரச் சொல்லுங்கள்.

அடுத்தது தண்ணீர். நம் பக்கத்தில் இதைச் சும்மா விட முடியாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது நகரத்தில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பக்கமும் மூழ்கியது. நனைந்து காய்ந்த பொருள் இன்று ஓடும். ஆனால் உள்ளே ஈரமும் உப்பும் போர்டைத் தின்றுகொண்டே இருக்கும், இரண்டு மாதம் கழித்துப் படுத்துவிடும். சிம் ட்ரேயை வெளியே இழுத்து அந்தத் துளைக்குள் டார்ச் அடியுங்கள். பல போன்களில் உள்ளே பொட்டு போல ஒரு வெள்ளை ஸ்டிக்கர் தெரியும். அது சிவந்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. சார்ஜிங் போர்ட்டின் பின்களில் பச்சைப் பூப்பு, லேப்டாப்பின் அடிப்பக்க ஸ்க்ரூவில் துரு, கீபோர்டில் ஒட்டும் விசைகள், ஸ்பீக்கரில் கரகரப்பு, இவையும் அதே கதைதான். பழைய கேமரா லென்ஸ் என்றால் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை. கடலோரக் காற்றில் இது சகஜம், விலை குறைத்தாலும் வேண்டாம்.

சாம்சங் போனில் *#0*# அழுத்தினால் பல மாடல்களில் திரை, டச், சென்சார் எல்லாவற்றையும் சோதிக்கும் பக்கம் திறக்கும். ஐபோன் 12, அதற்குப் பிந்தைய மாடல்களில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போனால் பேட்டரி, டிஸ்பிளே, கேமரா மாற்றப்பட்டிருந்தால் காட்டும். பேட்டரி ஹெல்த் 80 சதவீதத்துக்குக் கீழே என்றால் புது பேட்டரி விலையைக் கழித்துத்தான் பேரம் பேச வேண்டும்.

விண்டோஸ் லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ஆங்கிலத்தில் powercfg /batteryreport என்று தட்டுங்கள். அது சேமித்துவைக்கும் அறிக்கையைத் திறந்தால் அதில் டிசைன் கெபாசிட்டி 50,000, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி 30,000 என்றிருந்தால் மிச்சம் 60 சதவீதம்தான். வேலையை விட்டவர் கம்பெனி லேப்டாப்பை விற்பதும் நடக்கிறது. நெட்டில் இருக்கும்போதே ரீசெட் செய்து பாருங்கள். கம்பெனி பெயரோடு லாகின் பக்கம் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அடிப்படை செட்டிங்ஸான பயாஸுக்குள் போகும்போது பாஸ்வேர்டு கேட்டாலும் அப்படித்தான்.

பணத்தை யுபிஐயில் போடுங்கள், தடம் இருக்கும். பணம் போகும் பெயரும் பில்லில் உள்ள பெயரும் வேறு வேறு என்றால் காரணம் கேளுங்கள். பிறகு வாட்ஸ்அப்பில், 'இந்த ஐஎம்இஐ உள்ள போனை இன்று இவ்வளவு ரூபாய்க்கு உங்களிடமிருந்து வாங்கினேன்' என்று அனுப்பி 'ஆமாம்' என்ற பதிலை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் பணம் பறிபோய்விட்டால் விற்றவரிடம் மன்றாடி நேரத்தை விடாதீர்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்கினால்தான் மீளும். யுபிஐயின் 12 இலக்க பரிவர்த்தனை எண்ணைத் தயாராக வைத்திருங்கள். சாட், விளம்பரம், புரொஃபைல் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், எதையும் அழிக்காதீர்கள். நீங்கள் கடலூர், ஆள் புதுச்சேரி என்றால் ஸ்டேஷனில் 'அது வேற ஸ்டேட்' என்று திருப்பி அனுப்பப் பார்க்கலாம். 1930 நாடு முழுக்க ஒன்றுதான். எல்லை எதுவானாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் பதியலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-ஸின் 173-வது பிரிவு சொல்கிறது.

விற்றது கடை என்றால் 1915 நுகர்வோர் உதவி எண் உண்டு, இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. சொந்த போனை விற்ற தனிநபர் மீது அங்கே போக வழியில்லை, போலீஸ்தான். வாங்கிய போன் திருட்டுப் போன் என்று பிறகு தெரிந்தால் நஷ்டத்தை ஈடுகட்ட இன்னொருவர் தலையில் கட்டாதீர்கள். தெரிந்தே கைமாற்றினால் வழக்கு உங்கள் மேலும் வரும். சாட்டையும் யுபிஐ ரசீதையும் எடுத்துக்கொண்டு போனை ஸ்டேஷனில் ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கு எழுத்தில் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.