பெரிய நகரத்தில் ஏரியா பார்ப்பது, பழகுவது, சுற்றுவது எப்படி

புதிதாக ஒரு பெருநகரத்துக்குக் குடிபோகிறவர்களில் நிறையப் பேர் முதலில் செய்வது, வேலை இடத்தை மேப்பில் குறித்து அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதற்குள் வாடகை கட்டுப்படியாகிற வீடாகத் தேடுவது. சின்ன ஊரில் இது சரியாக வரும். பெருநகரத்தில் வராது. அங்கே 4 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகலாம், 15 கிலோமீட்டர் இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடலாம். நடுவில் ஆறோ தண்டவாளமோ அகலமான விரைவுச்சாலையோ குறுக்கே போனால், கண்ணுக்கு எதிரே தெரிகிற கட்டடத்துக்கே அரை மணி நேரம் சுற்றிப் போக வேண்டியிருக்கும். அதனால் ஏரியா தேர்ந்தெடுப்பதையும் ஊர் சுற்றப் பழகுவதையும் நான் இரண்டு வேலையாகப் பார்ப்பதில்லை. ஓர் இடத்திலிருந்து எங்கெங்கே எப்படிப் போய்வர முடியும் என்று தெரியாமல் அது நல்ல ஏரியாவா என்று சொல்லவே முடியாது.

முதல் காரியம், போனவுடன் நீண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்று நான்கு வாரத்துக்குத் தற்காலிகமாக ஓர் அறை பிடியுங்கள், அதுவும் இரண்டு மூன்று ரயில் தடங்களோ பெரிய பஸ் தடங்களோ சந்திக்கிற இடத்துக்குப் பக்கத்தில். அந்த இடம் சத்தமாக இருக்கும், அறை சின்னதாக இருக்கும், பரவாயில்லை, அங்கிருந்து எந்தத் திசைக்கும் ஒரே வண்டியில் போகலாம், தினமும் சாயங்காலம் ஒரு பகுதியைப் பார்த்துவிட்டு வரலாம். அந்த ஒரு மாதம் கூடுதலாகக் கொடுக்கிற வாடகை, பிடிக்காத வீட்டில் மாட்டிக்கொண்டு ஒப்பந்தத்தை நடுவில் முறிக்கிற செலவோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

போய்வரும் நேரத்தை நீங்களே அளந்து பாருங்கள்

வீட்டு விளம்பரத்தில் 'ஸ்டேஷனிலிருந்து மையத்துக்கு 20 நிமிடம்' என்று போட்டிருந்தால் அது வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிற நேரம் மட்டும். உங்களுக்கு வேண்டியது வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து வேலை இடத்து நாற்காலியில் உட்காரும் வரை ஆகிற நேரம். நடை, காத்திருப்பு, பயணம், மாறி ஏறுவது, மறுபடி நடை, எல்லாம் அதில் சேரும். வீடு முடிவாகும் முன் ஒரு வேலைநாள் காலையில், நீங்கள் நிஜமாகக் கிளம்பப்போகிற அதே நேரத்தில், அந்தப் பயணத்தை ஒருமுறை செய்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்ப் பார்த்துவிட்டு 'பக்கம்தான்' என்று முடிவு கட்டுவது பிரயோஜனமில்லை. முடிந்தால் சாயங்காலம் திரும்பி வருகிற பயணத்தையும் பாருங்கள், நிறைய ஊர்களில் காலையை விட அதுதான் மோசம்.

இதில் பலரும் கவனிக்காமல் விடுவது வண்டி எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது என்பதை. 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால், நேரம் பார்க்காமல் போய் நின்றாலும் சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பீர்கள். அரை மணிக்கு ஒன்று என்றால் உங்கள் வாழ்க்கையையே அந்த அட்டவணைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும், ஒன்றைத் தவறவிட்டால் அன்றைய நாளே கெட்டுவிடும். மாறி ஏற வேண்டியிருந்தால் இந்தக் காத்திருப்பு இரண்டு தடவை வரும். அதனால் வேகமான, ஆனால் எப்போதாவது வருகிற ரயிலுக்குப் பக்கத்தில் வீடு எடுப்பதை விட, மெதுவாகப் போனாலும் அடிக்கடி வருகிற பஸ் தடத்துக்குப் பக்கத்தில் எடுப்பதே மேல் என்பது என் தீர்மானமான கருத்து. இரவு ஒன்பதுக்கு மேலும் விடுமுறை நாளிலும் எத்தனை வண்டி ஓடுகிறது என்று தனியாகப் பாருங்கள், பகலில் நன்றாக இருக்கிற தடம் இரவில் காணாமல் போய்விடும்.

நடை தூரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஜப்பானில் வீட்டு விளம்பரங்களில் 80 மீட்டருக்கு ஒரு நிமிடம் என்று கணக்கிட்டுப் போடுவது விதி. மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர், சாதாரண ஆளின் நடைதான் இது. ஆனால் அந்தக் கணக்கில் சிக்னலில் நிற்கிற நேரம் இல்லை, மேடு இல்லை, மழை இல்லை, கையில் இரண்டு பை இல்லை. எந்த ஊரானாலும் விளம்பரத்தில் சொல்கிற நடை நேரத்தோடு மூன்று நான்கு நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள், அப்புறம் ஒரு தடவை நீங்களே நடந்து பாருங்கள்.

ரயில் வரைபடத்தை நம்பி தூரத்தை எடை போடாதீர்கள். 1933-இல் லண்டன் சுரங்க ரயிலுக்கு வெளியான வரைபடம் தூரங்களைக் கைவிட்டு, கோடுகளையும் இணைப்புகளையும் மட்டும் தெளிவாகக் காட்டியது, இன்றைக்கு உலகத்தில் நிறைய மெட்ரோக்கள் அந்தப் பாணியில்தான் வரைகின்றன. வழி கண்டுபிடிக்க அது அருமையான சாதனம். ஆனால் மையப் பகுதியை விரித்தும் புறநகரைச் சுருக்கியும் காட்டும். லண்டனில் லெஸ்டர் ஸ்கொயர் ஸ்டேஷனுக்கும் கோவென்ட் கார்டன் ஸ்டேஷனுக்கும் இடையில் சுமார் 260 மீட்டர்தான், படியிறங்கி ரயில் பிடிப்பதற்குள் நடந்தே போய்விடலாம். புறநகரில் வரைபடத்தின் அதே இரண்டு விரற்கடை இடைவெளி பல கிலோமீட்டராக இருக்கும். எனவே ரயில் வரைபடத்தையும் சாதாரண மேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பெரும்பாலான நகரங்களில் தடங்கள் மையத்திலிருந்து வெளியே கிளை விரிக்கும். அதனால் மையத்துக்குப் போவது சுலபம், பக்கத்துப் புறநகருக்குப் போவதுதான் கஷ்டம், ரயிலில் போனால் மையம் வரை போய்த் திரும்பி வர வேண்டும். உங்கள் வேலை ஒரு புறநகரில், பிள்ளைகளின் பள்ளி இன்னொன்றில் என்றால் இதை முதலிலேயே யோசித்துவிடுங்கள். வட்டப் பாதை உள்ள ஊர்களில் இந்தத் தொல்லை குறைவு: டோக்கியோவின் யாமனோத்தே தடம் 34.5 கிலோமீட்டரில் 30 ஸ்டேஷன்களை ஒரு மணி நேரத்தில் சுற்றி வருகிறது, சியோலின் 2-ஆம் தடமும் மாஸ்கோவின் வளையத் தடமும் அதே மாதிரி. வட்டப் பாதையில், அல்லது அதிலிருந்து வெளியே ஒரு ஸ்டேஷன் தள்ளி வீடு கிடைத்தால் ஊர் முழுக்க உங்களுக்குக் கைக்கெட்டும். வட்டப் பாதை இல்லாத ஊரில், பகுதிகளைக் குறுக்காக இணைக்கிற பஸ்கள் எவை என்று தேடுங்கள். அவற்றைப் பற்றி யாரும் பெரிதாகப் பேச மாட்டார்கள், ஆனால் அங்கேயே இருக்கிறவர்கள் அதில்தான் போவார்கள்.

இன்னொன்று: தடம் புறப்படுகிற முதல் ஸ்டேஷனில் குடியிருந்தால் காலையில் உட்கார இடம் கிடைக்கும். மூன்று ஸ்டேஷன் மையத்துக்கு நெருக்கமாக இருந்து நாற்பது நிமிடம் நசுங்கிக்கொண்டு போவதை விட, ஐம்பது நிமிடம் உட்கார்ந்து படித்துக்கொண்டு போவது எனக்கு மேலாகத் தெரிகிறது. கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போகிற மாதிரி வீடும் வேலையும் அமைந்தால் அதை விட்டுவிடாதீர்கள்.

ஏரியாவை எப்படிப் பார்ப்பது

ஒரே ஒரு தடவை, தரகர் கூப்பிட்ட நேரத்தில் போய்ப் பார்த்தால் தரகர் காட்ட நினைத்த ஏரியாதான் தெரியும். காலை பள்ளி திறக்கிற நேரத்தில் ஒரு முறை, இரவு பத்து பதினோரு மணிக்கு ஒரு முறை, வார இறுதியில் ஒரு முறை போங்கள். இரவில் தெருவில் யார் நடமாடுகிறார்கள் என்று பாருங்கள். தனியாக நடக்கிற பெண்கள், வயதானவர்கள், திறந்திருக்கிற கடைகள், விளக்கெரிகிற ஜன்னல்கள் இவையெல்லாம் இருந்தால் நல்ல அறிகுறி. ஒரு பகுதியைப் பற்றி ஊரில் சொல்கிற பேர் பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருடம் பழையது. 'அங்கேயெல்லாம் போகாதீர்கள்' என்று சொல்கிறவரிடம் கடைசியாக எப்போது போனீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

மழை பெய்த மறுநாள் போய்ப் பார்ப்பது இன்னும் நல்லது. சுவரில் தண்ணீர் நின்ற தடம் எந்த உயரத்தில் இருக்கிறது, கடை வாசற்படிகள் தெருமட்டத்திலிருந்து ஏன் இவ்வளவு உயர்த்திக் கட்டப்பட்டிருக்கின்றன, கீழ்த்தளத்து மின்மீட்டர் எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறது, இதையெல்லாம் கவனித்தால் யாரையும் கேட்காமலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். மீதியைக் கேட்க வேண்டும். கேட்கும்போது 'ஏரியா எப்படி?' என்று கேட்காதீர்கள், 'நல்லா இருக்கும்' என்றுதான் பதில் வரும். 'எந்த மாதத்தில் இந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும்?', 'கடைசி பஸ் போன பிறகு எப்படி வருவீர்கள்?', 'குப்பை வண்டி எந்தெந்த நாள் வரும்?' என்று குறிப்பாகக் கேளுங்கள். கடைக்காரர், காவலாளி, டெலிவரிக்கு வண்டி ஓட்டுகிறவர்கள், இவர்களுக்குத் தெரு தெருவாகத் தெரியும்.

வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் என்னென்ன இருக்கிறது என்பதை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். மளிகை, மருந்துக்கடை, ஒரு மருத்துவர், உட்கார ஒரு பூங்கா, பஸ் நிறுத்தம். இவை இருந்தால் வீடு சின்னதாக இருந்தாலும் சமாளிக்கலாம். இல்லாவிட்டால் ஒரு பால் பாக்கெட்டுக்கும் வண்டி எடுக்க வேண்டியிருக்கும், தெருவில் யார் முகமும் பழக்கமாகாது. வாடகையைப் பார்க்கும்போது மாதப் பயணச் செலவையும் அதோடு கூட்டிப் பாருங்கள், தூரத்தில் மலிவாகக் கிடைத்த வீடு பல நேரம் மலிவே இல்லை. மாதப் பாஸ் மட்டும் முதல் வாரத்திலேயே வாங்காதீர்கள், உங்கள் தடம் எதுவென்று நிலைப்பட்ட பிறகு வாங்கினால் போதும். சில ஊர்களில் பாஸே தேவைப்படாது. லண்டனில் ஒரே கார்டைத் தட்டிக்கொண்டே போனால் ஒரு நாளைக்கும் ஒரு வாரத்துக்கும் இருக்கிற உச்சவரம்பைத் தாண்டிக் கட்டணம் எடுக்க மாட்டார்கள்.

ஊரைப் பழகுவது

ஒவ்வொரு நகரமும் தன் முகவரிகளுக்கு ஓர் ஒழுங்கு வைத்திருக்கும், அதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள். பாரிஸின் 20 வட்டாரங்கள் நடுவில் தொடங்கி நத்தை ஓடு மாதிரி கடிகாரச் சுற்றில் வெளியே விரிகின்றன. மன்ஹாட்டனின் கட்டம் போட்ட பகுதியில் ஐந்தாம் அவென்யூ கிழக்கையும் மேற்கையும் பிரிக்கிறது, ஒருவழித் தெருக்களில் பெரும்பாலும் இரட்டை எண் கிழக்கே போகும், ஒற்றை எண் மேற்கே போகும். ஜப்பானில் நிறைய இடத்தில் தெருவுக்குப் பெயரே இல்லை, மனைத் தொகுதிக்குத்தான் எண். மும்பையில் ஸ்டேஷன் பேரோடு கிழக்கா மேற்கா என்று கேட்காமல் கிளம்பினால் தண்டவாளத்துக்குத் தப்பான பக்கம் இறங்கிவிடுவீர்கள். சியோலில் பஸ்ஸின் நிறமே சொல்லும்: நீலம் நகரத்துக்குள் நீண்ட தூரம், பச்சை ரயிலுக்குக் கொண்டுவிடுகிற வண்டி, சிவப்பு புறநகர் விரைவு வண்டி. மாஸ்கோ மெட்ரோவில் மையத்தை நோக்கிப் போகும்போது ஆண் குரலும் வெளியே போகும்போது பெண் குரலும் அறிவிப்பது நெடுநாள் வழக்கம். இப்படி ஏதாவது ஒன்று உங்கள் ஊரிலும் இருக்கும், பழைய ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பெரிய ஸ்டேஷன்களில் வழி தவறுவது வண்டியில் நடக்காது, வெளியே வரும்போதுதான் நடக்கும். டோக்கியோவின் ஷின்ஜுகு ஸ்டேஷனுக்கு 200-க்கும் மேற்பட்ட வாயில்கள். யாரையாவது சந்திக்கப் போகிறீர்கள் என்றால் ஸ்டேஷன் பேரோடு வாயில் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். தினமும் போகிற ஸ்டேஷனில் எந்தப் பெட்டி படிக்கட்டுக்கு எதிரே நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால் கூட்டத்தில் காத்திருக்கிற நேரம் மிச்சம்.

அப்புறம், சுரங்க ரயிலில் மட்டும் போய்வந்தால் ஊர் தெரியவே தெரியாது. ஓர் ஓட்டையில் இறங்கி இன்னொன்றில் ஏறுவோம், இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று வருடக்கணக்காகத் தெரியாமலே இருந்துவிடுவோம். இதற்கு நல்ல வழி, விடுமுறை நாளில் ஒரு நீண்ட பஸ் தடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரை போவது. அவசரம் இல்லாத சாயங்காலங்களில் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடங்கள், ஒவ்வொரு தடவையும் வேறு தெருவில். உங்கள் பகுதியும் பக்கத்துப் பகுதியும் எந்த இடத்தில் ஒட்டுகின்றன, எந்தப் பாலத்தில் அல்லது எந்தச் சுரங்கப்பாதையில் கடக்கலாம் என்று கால் கண்டுபிடித்துவிட்டால், அதுவரை தனித்தனித் துண்டுகளாக மனதில் கிடந்த இடங்கள் சேர ஆரம்பிக்கும். ஊரே ரயில் நின்று தவிக்கிற நாளில் நீங்கள் மட்டும் நடந்து வீட்டுக்கு வந்துவிடுவீர்கள்.

திசைக்கு ஆறு, கடல், மலை, உயரமான கோபுரம் ஏதாவது ஒன்றை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். போன் மேப்பில் எப்போதும் வடக்கு மேலே இருக்கிற மாதிரி வைத்துப் பார்த்தால் ஊரின் வடிவம் மனதில் பதியும், நாம் திரும்புகிறபோதெல்லாம் மேப்பும் திரும்பினால் பதியாது. இணையம் இல்லாமலும் திறக்கிற மாதிரி மேப்பை இறக்கி வையுங்கள். மொழி தெரியாத ஊர் என்றால் வீட்டு முகவரியை அந்த ஊர் எழுத்திலேயே ஒரு தாளில் எழுதிப் பர்சில் வைத்திருங்கள், போன் அணைந்துவிட்டால் அந்தத் தாளைக் காட்டி வீடு வந்துவிடலாம்.

இரவு வண்டி ஊருக்கு ஊர் மாறும். நியூயார்க்கில் சுரங்க ரயில் 24 மணி நேரமும் ஓடுகிறது, டோக்கியோவில் நள்ளிரவை ஒட்டி நின்றால் காலை ஐந்து வாக்கில்தான் மறுபடி தொடங்கும், லண்டனில் வெள்ளி, சனி இரவுகளில் மட்டும் சில தடங்கள் விடிய விடிய ஓடும். உங்கள் ஊரில் கடைசி வண்டி எப்போது என்று தெரிந்துகொண்டு, அதற்கு முந்தின வண்டியைப் பிடிக்கிற மாதிரி கிளம்புங்கள். மாறி ஏற வேண்டிய பயணம் என்றால் இரண்டாவது தடத்தின் கடைசி வண்டியையும் சேர்த்துப் பாருங்கள், முதல் வண்டி கிடைத்து இரண்டாவது கிடைக்காமல் நடுவழியில் நிற்பவர்கள்தான் அதிகம்.