கஷ்டமான படைப்புகளை ரசிக்கப் பழகுறது எப்படி? புதுசா வர்றவங்களுக்கு

கேன்வாஸ்ல வெறும் கறுப்புச் சதுரம், மூணு மணி நேரத்துக்கு ஒண்ணுமே நடக்காத படம், ரெண்டாயிரம் வருஷப் பழைய பாட்டு. இதையெல்லாம் ரசிக்கறேன்னு சொல்றவங்கள்ல சில பேரு பந்தா பண்றாங்க, ஒத்துக்கறேன். ஆனா மத்தவங்களுக்கு நெஜமாவே பிடிக்குது, அவங்க ஒண்ணும் பெரிய அறிவாளிங்க இல்ல, பழக்கம்தான்.

ஸ்டெப் 1: சின்னதா எடுங்க

எடுத்த எடுப்புல ஜேம்ஸ் ஜாய்ஸோட யுலிசஸ் நாவலைத் தூக்காதீங்க. 18 அத்தியாயம், ஆளாளுக்கு ஒரு நடை, மூணாவதுலயே மூச்சு முட்டும். காஃப்காவோட உருமாற்றத்துல ஆரம்பிங்க, 1915ல வந்தது, ஒரே உக்கார்றதுல முடிச்சிடலாம். ஒருத்தன் பூச்சியா மாறி எழுந்திருக்கறான், ஆனா நடை என்னவோ ஆபீஸ் லெட்டர் மாதிரி அவ்ளோ சாதாரணமா போகும்.

ஸ்டெப் 2: எதைக் காணோம்னு கேளுங்க

முக்கியமான ஸ்டெப் இதுதான், மத்ததெல்லாம் இதுக்கு எடுபிடி.

ஒரு படைப்பு நம்மளப் படுத்தி எடுக்குதுன்னா, பெரும்பாலும் நாம வழக்கமா எதிர்பார்க்கற ஏதோ ஒண்ணை அது வேணும்னே தராம வச்சிருக்கும். பாட்டுல மெட்டு இருக்காது, ஓவியத்துல உருவம் இருக்காது, கதையில யாரு பேசறாங்கன்னே சொல்லியிருக்க மாட்டாங்க. அதனால இதுக்கு என்ன அர்த்தம்னு மண்டையைப் பிச்சிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க: இங்க எதைக் காணோம்? அது இருக்க வேண்டிய எடத்துல என்ன வந்து உக்காந்திருக்கு?

இசையமைப்பாளர் ஜான் கேஜோட 4 நிமிஷம் 33 செகண்ட் படைப்பை எடுத்துக்கோங்க. 1952ல டேவிட் டியூடர் பியானோ முன்னாடி உக்காந்து மூடியை மூடினார், மூணு பகுதியும் முடியற வரைக்கும் ஒரு கட்டையைக்கூட தொடல. வாசிப்பைக் காணோம். அந்த எடத்துல வெளிய அடிச்ச காத்து, கூரை மேல விழுந்த மழை, கடைசில கடுப்பாகி முணுமுணுத்த ஜனம்.

ஷாந்தல் ஆகெர்மானோட 1975 படம் ழான் டீல்மான், 3 மணி 20 நிமிஷம் ஓடும். மகனோட வாழற ஒரு விதவையோட மூணு நாள். இங்க காணோம்ங்கறது கதையோட வேகம். அவங்க உருளைக்கிழங்கு உரிச்சா ஆடாம அசையாம நிக்கற கேமரால நாமளும் பாத்துட்டே இருக்கணும். முதல் நாள் ஒவ்வொண்ணும் அளந்து வச்ச மாதிரி நடக்கும். ரெண்டாவது நாள் கிழங்கு குழைஞ்சு போயிடும், அவ்ளோதான். ஆனா அவ்ளோ நேரம் அந்த ஒழுங்கைப் பாத்தே ஊறிப்போன நமக்கு, அவங்க பாத்திரமும் கையுமா திண்டாடறதைப் பாக்கும்போது திக்குனு இருக்கும். நறுக்குனு ஒரு மணி நேரத்துல எடுத்திருந்தா இந்த திக் வந்திருக்காது. 2022ல சைட் அண்ட் சவுண்ட் சினிமா பத்திரிகை எல்லாக் காலத்துக்கும் சிறந்த படம் எதுன்னு நடத்தின விமர்சகர் வாக்கெடுப்புல இதுக்குத்தான் முதலிடம், அதைக் கேட்டு பயந்துட வேணாம்.

பழைய இலக்கியத்துக்கும் இதே ரூட்டுதான். குறுந்தொகைல பேரைக் காணோம், ஏன்னா அகப்பாட்டுல வர்றவங்க பேரைச் சொல்லக்கூடாதுன்னு தொல்காப்பியமே விதி போட்டிருக்கு. முன்கதையும் கிடையாது, பெரும்பாலும் 4ல இருந்து 8 அடிதான். அதனால முதல்ல பாட்டோட சேர்த்துப் போட்டிருக்கற கூற்றுங்கற குறிப்பைப் படிங்க, யாரு யார்கிட்ட எப்போ சொல்றாங்கன்னு அதுல இருக்கும்.

கபிலரோட 25ஆம் பாட்டைப் பாருங்க, தலைவி தோழிகிட்ட சொல்றது. அவன் என்னோட சேர்ந்தப்போ பக்கத்துல யாருமே இல்ல, அவன் இப்போ பொய் சொன்னா நான் என்ன பண்ணுவேன்னு கேக்கறா. அப்புறம்தான், ஆங், ஒரு குருகு இருந்துச்சேன்னு ஞாபகம் வருது. தினைத்தாள் மாதிரி மெலிஞ்ச காலோட ஓடற தண்ணில நின்னுக்கிட்டு அது ஆரல் மீனையே பாத்துட்டு இருந்துச்சாம். இருந்த ஒரே சாட்சிக்கும் கண்ணு மீன் மேல! அவளோட பயம் பூரா அந்தப் பறவைலதான் இருக்கு, சும்மா வர்ணனைன்னு தாண்டிப் போனா பாட்டே போச்சு.

ஸ்டெப் 3: கண்ணுக்குத் தெரியறதை எழுதுங்க

ஓவியத்துக்கு ரொம்ப உதவும். மாலெவிச்சோட 1915 கறுப்புச் சதுரத்தை நல்ல பெரிய போட்டோவா எடுத்து ஒரு பத்து நிமிஷம் பாத்து, தெரியறதை மட்டும் எழுதுங்க, கருத்து வேணாம். பெயிண்ட் பூரா வெடிச்சிருக்கும், வெடிப்புக்கு நடுவுல அடில வேற கலர் எட்டிப் பாக்கும், ஓரமெல்லாம் நீங்க நெனச்ச அளவுக்கு நேரா இருக்காது.

ஸ்டெப் 4: விளக்கம் எப்போ?

சங்கப் பாட்டுக்கு உரையை தயங்காம கூடவே வச்சுக்கோங்க, சொல்லே தெரியாம ரசிக்க முடியாது. நவீன படம், நாவலுக்கு மட்டும் பாத்து முடிச்சப்புறம். முன்னாடியே விமர்சனம் படிச்சா அவரு சொன்னதைத்தான் தேடிட்டு இருப்பீங்க.

ஸ்டெப் 5: விடறதுக்கும் ஒரு கணக்கு

புரியலங்கறது வேற, பிடிக்கலங்கறது வேற. எதைக் காணோம், பதிலுக்கு என்ன இருக்குன்னு ரெண்டுக்கும் உங்களால ஒரு வரி சொல்ல முடிஞ்சும் பிடிக்கலன்னா தாராளமா மூடி வைங்க, அது உங்க டேஸ்ட்டு. ரெண்டுல ஒண்ணு சொல்ல வரலன்னா இன்னும் ஒரு அத்தியாயமோ அரை மணி நேரமோ குடுங்க. அப்பவும் முடியலன்னா விட்ட பக்கத்துல பென்சில்ல தேதி போட்டு வச்சிட்டு அடுத்ததை எடுங்க.