கர்ப்பத்தில் ஈறில் வந்த ரத்தம் நின்றது இப்படித்தான்

நான்காவது மாதம் பல் தேய்த்துத் துப்பினால் நுரை இளஞ்சிவப்பாக வரும், ஈறு பல்லிடுக்கில் புடைத்து நிற்கும். கர்ப்பத்தில் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் கூடுவதால் பல்லில் படியும் கொஞ்ச அழுக்குக்கே ஈறு இப்படிச் சிவந்து வீங்கிவிடும், ரத்தம் வருகிறதே என்று தேய்ப்பதை நிறுத்தவே கூடாது. மென்மையான பிரஷுக்கு மாறினேன், ஐந்தாவது மாதத்தில் பல் மருத்துவரிடம் கர்ப்பத்தைச் சொல்லியே கிளீனிங் செய்துகொண்டேன்.

வாந்திதான் பெரிய தொல்லை. எடுத்த கையோடு பிரஷ் போட்டால் வயிற்று அமிலத்தில் இளகிய எனாமல், அதாவது பல்லின் கெட்டியான மேல்பூச்சு, தேயும், அதனால் ஒரு கப் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்துத் துப்பிவிட்டு, அரை மணி நேரம் கழித்துத்தான் தேய்ப்பேன்.

பிரசவத்துக்கு அப்புறம் வீக்கம் வடிந்தது, ஆனால் கடைவாயில் ஒரு இடத்தில் மட்டும் ரத்தம் நிற்கவில்லை. பால் கொடுக்கும் காலத்திலேயே போய்க் காட்டினேன், ஈறுக்கடியில் காரை, அதாவது கல்லாக இறுகிப்போன பல் அழுக்கு, இருந்தது, மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தார்கள், அன்றே குழந்தைக்குப் பாலும் கொடுத்தேன்.